ஆட்ட முதலும் இல்லற முதலும்
(உபாசகர் வகுப்புப் பாடம்)

"பஞ்சசீலத்தைப் பன்முறை ஓதியுள்ளோம், அதில் சூது என்னும் சொல் வரக் காணோம். போக்கர் என்னும் சீட்டாட்டமோ வெறும் அதிர்ஷ்டத்தை நம்பியதன்று; கணக்கறிவும் பொறுமையும் வேண்டுவது. ஆட்டத்துக்கென ஒரு முதலை ஒதுக்கி, இத்துணைக்கு மேல் இழப்பதில்லை என வரம்பு கட்டி, வரவு செலவு எழுதி ஆடுகின்றவனைச் சூதாடி என்று தள்ளுதல் முறையாமோ?"

இஃது இந்நாளில் நம் இளைஞரிடையே வழங்கும் வினா. சினந்து ஒதுக்கத்தக்க வினாவன்று. கேள்விப்பட்டதனாலோ, மரபு என்பதனாலோ, ஆசிரியன் சொன்னான் என்பதனாலோ ஒன்றை ஏற்றுக்கொள்ளாமல், நன்மை பயப்பதா தீமை பயப்பதா எனத் தாமே ஆராய்ந்து கொள்ளுமாறு காலாமர்க்கு அறிவுறுத்தியவர் நம் பகவான். ஆகவே ஆட்டக்காரரின் கணக்கையே கையிலெடுத்து, அதனை இறுதிவரை போட்டுப் பார்ப்போம். அதன்பின் தம்மம் கூறுவதைக் கேட்போம்.

1. ஆடும் இடம்

பொதுவிடங்களில் சூதாடுவதைத் தடுக்க 1867ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டம் செய்யப்பட்டது. திறமையால் மட்டும் நடைபெறும் ஆட்டங்களை அச்சட்டம் விலக்கி வைத்தது. ரம்மியில் திறமையே மேலோங்கி நிற்கின்றது என உச்சநீதிமன்றம் 1967இல் கூறிற்று. போக்கரைக் குறித்தோ உயர்நீதிமன்றங்கள் ஒரே முகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. 2017இல் குஜராத் உயர்நீதிமன்றம் அதனைச் சூது என்றே கொண்டது. பணம் வைத்து இணையவழியாக ஆடும் ஆட்டங்களை, திறமையின்பாற்பட்டவை ஆயினும் அதிர்ஷ்டத்தின்பாற்பட்டவை ஆயினும், விலக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஆயினும் நேரில் சென்று மேசையில் அமர்ந்து ஆடும் காசினோ விடுதிகள் மாநிலச் சட்டத்தின்கீழ் நடைபெறுவனவாம்.

அவற்றுள் பெயர்பெற்றவை கோவாவில் உள்ளவை. கோவாவின் சூதாட்டத் தடைச் சட்டம் 1976இல் பிறந்தது. 1992ஆம் ஆண்டுத் திருத்தம் பெரிய ஓட்டல்களில் காசுப்பொறிகளுக்கு இடமளித்தது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் நீரில் மிதக்கும் கலங்களில் மேசையாட்டங்களுக்கு இடமளித்தது. இன்று பணஜி நகரத்தை ஒட்டி ஓடும் மாண்டவி ஆற்றில் ஒளிவிளக்கு மாலைகளோடு அக்கலங்கள் நிற்கின்றன.

இங்கே ஒன்று கருதத்தக்கது. 2020 பிப்ரவரி முதல் கோவா அரசு தன் மாநிலத்து மக்கள் அவ்விடுதிகளில் சென்று ஆடுவதைத் தடை செய்துள்ளது. வெளியூரார் வரலாம், உள்ளூரார் ஆகாது. தன் பிள்ளைகளுக்கு ஊட்டத் துணியாத பண்டத்தை வழிப்போக்கர்க்கு விற்கும் கடை எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சட்டம் இடந்தருவது வேறு. தம்மம் இடந்தருவது வேறு.

2. ஆட்டத்தின் இயல்பு

காசினோவில் பல ஆட்டங்கள் உண்டு. சுழல்வட்டில் பந்தை உருட்டும் ரூலெட் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சுழியம் உள்ள வட்டில் 37 குழிகள் இருக்கும். ஓர் எண்ணின்மேல் கட்டி வென்றவனுக்கு ஒன்றுக்கு 35 மடங்கே கொடுப்பர். 37 வாய்ப்புக்கு 36 பங்கு திரும்பி வர, ஒரு பங்கு விடுதியினிடம் தங்குகின்றது. கட்டிய தொகையில் இஃது ஏறத்தாழ 2.7 விழுக்காடு. எத்துணை அறிவுடையவன் ஆடினும் இக்கணக்கு மாறாது.

போக்கர் இதனின் வேறானது. 52 சீட்டுக் கொண்ட கட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். நடுவே ஐந்து சீட்டுகள் பொதுவாக விரிக்கப்படும். ஏழினுள் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி முடிவாகும். ஒவ்வொரு சுற்றிலும் பணம் ஏற்றலாம், விலகலாம். இங்கே ஆடுவோர் விடுதியை எதிர்த்து ஆடுவதில்லை. ஒருவரையொருவர் எதிர்த்தே ஆடுகின்றனர். ஆதலின் நன்கு கற்றவன் கல்லாதவனிடம் நெடுநாளில் பொருள் ஈட்டக்கூடும். இஃது உண்மை. வெல்வார் ஒருவரும் இலர் என்று நாம் கூறோம். பொய்யுரைத்துத் தம்மத்தைக் காத்தல் இயலாது.

ஆனால் விடுதி வீணே விளக்கேற்றி வைக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவே சேரும் தொகையிலிருந்து ஒரு கழிவை அஃது எடுத்துக்கொள்ளும். இதனை ரேக் என்பர். கணக்குக்காக ஒரு மேசையைக் கருதுவோம். ஒன்பது பேர் ஆளுக்கு 10,000 ரூபாயோடு அமர்கின்றனர். மொத்தம் 90,000 ரூபாய். மணிக்கு 30 ஆட்டம் நடக்கின்றது. ஆட்டத்துக்கு 200 ரூபாய் கழிவு எனக் கொண்டால் மணிக்கு 6,000 ரூபாய். ஆறு மணிக்கு 36,000 ரூபாய். வந்த பணத்தில் பத்தில் நான்கு பங்கு, எவர் வென்றாலும் எவர் தோற்றாலும், மேசையை விட்டே போய்விட்டது. எஞ்சியதற்கே ஒன்பது பேரும் போட்டியிடுகின்றனர்.

அரசின் பங்கு இதற்குமேல். காசினோக்களுக்குரிய சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. சீட்டாட்டத்தில் வென்ற பணத்துக்கு வருமான வரி 30 விழுக்காடு. தோற்ற பணத்தை அதில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருவதில்லை. வெற்றிக்குப் பங்காளிகள் உண்டு. தோல்விக்கு ஒருவரும் இலர்.

3. ஆட்ட முதலின் கணக்கு

ஆட்டத்துக்கென ஒதுக்கிய பணத்தை ஆடுவோர் பேங்க்ரோல் என்பர். நாம் அதனை ஆட்ட முதல் என்போம். அதனைக் காக்கத் தேர்ந்த ஆட்டக்காரர் கூறும் விதிகள் இவை:

முதலாவது, ஆட்ட முதல் வீட்டுச் செலவினின்று முற்றும் பிரிந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, ஒருமுறை மேசையில் அமரக் கொண்டுசெல்லும் தொகையைப்போல் 20 முதல் 30 மடங்கேனும் முதல் இருத்தல் வேண்டும். இதனினும் மிகுதியாக வேண்டும் என்பாரும் உளர். மூன்றாவது, முதல் குறைந்தால் சிறிய பந்தய மேசைக்கு இறங்குதல் வேண்டும். நான்காவது, ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று அமர்வுத் தொகையை இழந்தால் எழுந்துவிடுதல் வேண்டும். ஐந்தாவது, ஆடிய நேரத்தையும் வரவையும் இழப்பையும் தவறாது எழுதி வைத்தல் வேண்டும். ஆறாவது, சினமும் களைப்பும் மதுவும் உள்ளபோது ஆடலாகாது.

இவ்விதிகள் மூடத்தனமானவை அல்ல. இவற்றின் காரணத்தை அறிதல் வேண்டும். கைக்கு வரும் சீட்டுகளுள் தலைசிறந்தது இரண்டு ஏஸ். அது 221 முறைக்கு ஒருமுறையே வரும். அது வந்து, சிறிய ஜோடி ஒன்று வைத்திருப்பவனோடு முழுப்பணத்தையும் வைத்து மோதினாலும், ஏறத்தாழ ஐந்தில் ஒருமுறை தோற்கும். அத்தகைய மோதல் ஐந்து வந்தால் ஐந்திலும் வெல்வது மூன்றில் ஒருமுறையளவே நிகழும். மிகச் சிறந்த நிலைக்கே இக்கதி என்றால் மற்றவற்றைக் கூறுவானேன்?

மற்றுமொரு கணக்கு. ஒருவன் நல்ல ஆட்டக்காரன். மணிக்குச் சராசரி 500 ரூபாய் ஈட்டத்தக்கவன். ஒரு மணி நேரத்து ஏற்றத்தாழ்வு 5,000 ரூபாயளவு எனக் கொள்வோம். 100 மணி நேரம் ஆடினால் அவன் எதிர்பார்க்கும் ஊதியம் 50,000 ரூபாய். ஏற்றத்தாழ்வோ நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி வளர்வதாதலின் அதுவும் 50,000 ரூபாய். இதன் பொருள் யாது? அவனை ஒத்த திறமையுடையார் அறுவர் 100 மணி நேரம் ஆடினால் அவர்களுள் ஒருவர் நட்டத்தோடு எழுவார். திறமை பொய்யன்று, ஆனால் அது பயன் தருமுன் முதல் அழிந்துவிடலாம். அதனாலேயே 20 மடங்கு, 30 மடங்கு என்கின்றனர்.

திறமை சமமாக இருப்பின் நிலை இன்னும் தெளிவாகும். 10,000 ரூபாய் உடையவன் 90,000 ரூபாய் உடையாரோடு, எவரேனும் ஒருவர் முற்றும் இழக்கும் வரை நடுநிலையான ஆட்டம் ஆடினால், சிறுமுதலோன் அழிவது பத்தில் ஒன்பது முறை. கழிவே இல்லாத மேசையில் இக்கணக்கு. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல், ஹைகன்ஸ் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்த கணக்கு இது. முதல் சிறியதாயின் நேர்மையான ஆட்டமும் அதனை விழுங்கும்.

4. இல்லறத்தான் முதல்

இனி, இவ்விதிகளை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம்.

இராசகிருக நகரத்தில் ஆறு திசைகளையும் வணங்கி நின்ற சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவான் இல்லறத்தார் ஒழுக்கத்தை விரித்துரைத்தார். தீகநிகாயத்திலுள்ள சிகாலோவாத சூத்திரம் அது. அண்ணல் அம்பேத்கர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலிலும் இல்லறத்தார் விநயமாக இது இடம்பெற்றுள்ளது. அந்தச் சூத்திரத்தில் பொருளை நான்காக வகுக்கும் முறை கூறப்படுகின்றது. ஒரு பங்கை நுகர்ச்சிக்கும், இரண்டு பங்கைத் தொழிலுக்கும் வைத்து, நான்காம் பங்கை ஆபத்துக் காலத்துக்கெனச் சேமித்தல் வேண்டும் என்பது கருத்து.

திங்களுக்கு 40,000 ரூபாய் ஊதியம் பெறும் குடும்பத்தைக் கருதுக. பங்கு ஒன்றுக்கு 10,000 ரூபாய். நாம் கண்ட மேசையில் ஒருமுறை அமர வேண்டுவதும் அதே 10,000 ரூபாய்தான். ஆட்டக்காரரின் இரண்டாம் விதிப்படி முதல் 2 இலட்சம் முதல் 3 இலட்சம் வரை வேண்டும். நுகர்ச்சிப் பங்கிலிருந்து அதனை எடுப்பதாயின், உண்டி, உடை, விருந்து, தானம் எல்லாவற்றையும் 20 திங்கள் முதல் 30 திங்கள் வரை முற்றும் நிறுத்துதல் வேண்டும். தொழிற்பங்கிலிருந்து எடுப்பதாயின் பிள்ளைகளின் கல்வியும் தொழிற்கருவியும் நிற்கும். நான்காம் பங்கிலிருந்து எடுப்பதாயின், ஆபத்துக்கெனக் காத்த பொருளை ஆபத்தின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்ததாகும்.

நான்காம் விதியையும் நோக்குக. இரண்டு அமர்வுத் தொகை இழந்தவுடன் வரம்பு தவறாமல் எழுந்து வந்தான் ஒருவன். ஒழுங்காக ஆடினேன் என்று அவன் மனம் தேறுகின்றது. அவன் ஓர் இரவில் இழந்ததோ 20,000 ரூபாய். அரைத் திங்கள் உழைப்பு. ஆட்ட நூலின்படி அவன் நெறி தவறாதவன். வீட்டுக் கணக்கின்படி பதினைந்து நாள் அடுப்பு அணைந்தது.

"சிறிய மேசையில் ஆடலாமே" எனின், பந்தயம் சிறுக்கச் சிறுக்க விடுதிக் கழிவு அதில் பெரும்பங்கை விழுங்கும். "முதலென்று ஒன்றும் வேண்டாம், நாடகச் சீட்டு வாங்குவதுபோல் ஐயாயிரத்தைச் செலவென்று எழுதிவிட்டு ஒருநாள் ஆடுவேன்" எனின், அது குறைந்தபட்சம் நேர்மையான சொல், அதனை முதல் என்று அழைத்துத் தன்னை ஏமாற்றிக்கொள்ளாத சொல். ஆனால் அச்சொல்லைச் சோதிக்க மூன்று வினாக்கள் உள. ஐயாயிரம் தீர்ந்தபின் பணப்பொறியைத் தேடி நடந்தாயா? செலவான தொகையை வீட்டில் உள்ளபடி கூறினாயா? மறுநாள் காலை வேலையில் கை இருக்க, மனம் அந்த மேசையில் இருந்ததா? நாடகம் பார்த்துத் திரும்பியவன் நாடகக் கொட்டகையிடமிருந்து பணத்தை மீட்க எண்ணுவதில்லை.

ஆகவே ஆட்ட முதற் கணக்கை நாம் எதிர்க்க வேண்டுவதில்லை. அதனைச் சரியாகப் போட்டால் போதும். ஊதியத்தில் வாழும் குடும்பத்தானை மேசையிலிருந்து எழுப்பிவிடுவது அந்தக் கணக்கே. நம் பெரும்பாலோர்க்கு முன்னோர் வைத்த நிலமில்லை, வீடில்லை, கைமாற்றித் தரும் உறவினர் செல்வமும் இல்லை. நமக்கு நான்காம் பங்கே நிலம். நான்காம் பங்கே அரண். அதனை இழந்த குடும்பம் மீண்டும் பிறர் வாயிலில் நிற்க நேரும். தம்மத்தைத் தழுவியது அந்த வாயிலைவிட்டு நீங்குவதற்கன்றோ?

5. வெல்பவன் நிலை

"நான் வெல்பவருள் ஒருவனாவேன்" என்பார்க்கும் ஒரு சொல் உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் தம் முதலைக் காக்க முதற்கண் செய்வது மேசையைத் தேர்தல். எந்த மேசையில் கல்லாதவன் அமர்ந்திருக்கின்றான், எவன் குடித்துள்ளான், எவன் இழந்ததை மீட்கத் துடிக்கின்றான் என்று பார்த்து, அவனருகே இடம் பிடிப்பர். ஏனெனில் விடுதிக் கழிவுக்கு மேலும் ஊதியம் வரவேண்டுமாயின் அது பிறனொருவன் பிழையிலிருந்தே வரவேண்டும்.

காலையில் எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க எனத் தியானிப்பவன், இரவில் எவன் துன்புறுவான் என்று தேடி அமர்வது எங்ஙனம் பொருந்தும்? உழவன் ஈட்டினால் ஊருக்கு உணவு பெருகும். தச்சன் ஈட்டினால் ஒரு வீட்டுக்குக் கதவு கிடைக்கும். போக்கரில் ஒருவன் ஈட்டினால் மற்றொருவன் இழந்தான் என்பதன்றி உலகில் ஒன்றும் கூடவில்லை. நல்வாழ்க்கை என்னும் மார்க்க அங்கத்தின்முன் இது நில்லாது.

6. ஆறு கேடுகள்

சிகாலனுக்குப் பகவான் செல்வம் அழியும் வாயில்களாக ஆறனைக் கூறினார்: கள்ளுண்டல், அகாலத்தில் தெருவில் திரிதல், களியாட்டங்களை நாடி அலைதல், சூது, தீயார் நட்பு, சோம்பல். காசினோ இரவில் இவற்றுள் சோம்பலொழிந்த ஐந்தும் ஒரு கூரையின்கீழ் கூடுகின்றன. மறுநாள் பகலில் ஆறாவதும் வந்து சேர்கின்றது.

சூதின் கேடுகளாகவும் ஆறனை அவர் எடுத்தோதினார். வென்றவன் பகையை ஈட்டுகின்றான். தோற்றவன் போன பொருளை எண்ணி வருந்துகின்றான். கைப்பொருள் கரைகின்றது. அவையில் அவன் சொல் எடுபடுவதில்லை. நண்பரும் உடனுழைப்போரும் அவனை இகழ்கின்றனர். மனைவியைக் காக்கவல்லன் அல்லன் என அவனுக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வருவதில்லை.

இவ்வாறனுள் பொருளிழப்பைப் பகவான் மூன்றாவதாக வைத்தார்; அதுவும் ஒன்றே. எஞ்சிய ஐந்தும் மனமும் மானமும் உறவும் பற்றியவை. ஆட்டக்காரரின் இழப்பு வரம்பு காப்பது அந்த ஒன்றை மட்டும். சொல் எடுபடாமற் போவதற்கு எவ்வரம்பைக் கட்டுவது? எந்த ஏட்டில் அதனை எழுதுவது?

சூது பஞ்சசீலத்தில் பெயர் சொல்லி விலக்கப்படவில்லை என்னும் வினாவுக்கும் இங்கே விடை உண்டு. விடுதியின் நுழைவுக் கட்டணத்தோடு மதுவும் தருவது வழக்கம். அங்கே ஐந்தாம் சீலம் தளர்கின்றது. இழந்த தொகையை மறைக்கும்போது நான்காம் சீலம் உடைகின்றது. வேறு காரணம் கூறிக் கடன் வாங்கி, மனைவி அறியாமல் நகையை அடகு வைக்கும்போது இரண்டாம் சீலம் அழிகின்றது. சூதுக்குத் தனிச்சீலம் இல்லாதது அது சிறு குற்றம் என்பதனால் அன்று; அஃது ஒன்றே பல சீலங்களின் வேலியைப் பிரிப்பது. பால பண்டித சூத்திரத்தில், ஒரே வீச்சில் மனைவி மக்களையும் உடைமையையும் தோற்றுத் தானும் அடிமையாகும் சூதாடியைச் சுட்டி, உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் தீமை செய்வோன் அடையும் இழப்பு அதனினும் பெரிது எனப் பகவான் விளக்கினார். போன பணம் சிறிது. அதனை மறைக்கச் சொன்ன பொய் பெரிது.

7. இழந்ததை மீட்கும் வேட்கை

நன்கு ஆடுபவனும் ஒரு கெட்ட இழப்புக்குப்பின் நிலைதடுமாறி ஆடுவதை ஆட்டக்காரர் டில்ட் என்பர். நம் நூல்கள் இதனைத் தண்ஹா என்று அறியும். பெறாத பொருளின்மேல் வைத்த அவாவினும், பெற்று இழந்த பொருளின்மேல் வைத்த அவா கொடியது. "அது என் பணம், அங்கேயே இருக்கின்றது, இன்னும் ஒரு மணி நேரம்" என்று அது பேசும்.

அதற்கும் கணக்கே விடை. முதலில் ஐந்தில் ஒன்றை இழந்தவன் பழைய நிலை அடைய, எஞ்சியதன்மேல் நான்கில் ஒன்று ஈட்ட வேண்டும். பாதி இழந்தவன் எஞ்சியதை இரட்டிக்க வேண்டும். பந்தயத்தை இரட்டித்துக்கொண்டே போய் மீட்பேன் என்பவன் 100 ரூபாயில் தொடங்கிப் பத்து முறை தொடர்ந்து தோற்றால், இழந்தது 1,02,300 ரூபாய். பதினோராம் முறைக்கு வேண்டுவது 1,02,400 ரூபாய். வென்றாலும் அவனுக்கு மிஞ்சுவது அந்த முதல் 100 ரூபாயே. சீட்டுக்கட்டுக்கு நினைவில்லை. நேற்றுத் தோற்றவனுக்கு இன்று தரவேண்டும் என்று அஃது அறியாது.

கோலியர் நாட்டுத் தீகஜாணுவுக்குப் பகவான் கூறிய உவமை இங்கே நினைக்கத்தக்கது. ஏரிக்கு நீர் வரும் கால்கள் நான்கு. நீர் போகும் மதகுகள் நான்கு. வரத்துக்காலை அடைத்து மதகைத் திறந்துவிட்டு மழையும் பொய்த்தால் ஏரி என்னாகும்? காமம், கள், சூது, தீயார் கூட்டம் என்பன நான்கு மதகுகள். ஆட்ட முதலைக் காக்கும் விதிகள் மதகில் ஒழுகும் நீரை நாழியால் அளப்பவை. தம்மம் மதகை அடைக்கச் சொல்கின்றது.

8. சாதுவன் மீண்ட வழி

தமிழ்ப் பௌத்தர்க்கு இதனைக் காட்ட நம் காப்பியமே உண்டு. சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் பதினாறாம் காதையில் சாதுவன் வரலாறு வருகின்றது. கற்புடைய ஆதிரையைப் பிரிந்து கணிகை வீட்டில் தங்கிச் சூதில் செல்வம் அனைத்தையும் தோற்றான் அவன். பொருள் தீர்ந்ததும் கணிகை அவனை விலக்கினாள். அவன் செய்தது யாது என்பதே நாம் கற்க வேண்டுவது. கவறாடி இழந்ததைக் கவறாடி மீட்க அவன் முயலவில்லை. வணிகரோடு கலமேறி உழைக்கப் புறப்பட்டான். கலம் கவிழ்ந்தது, நாகர் மலையில் ஒதுங்கினான். நாகரின் மொழியறிந்த அவன் அவர் தலைவனுக்குக் கள்ளையும் உயிர்க்கொலையையும் விலக்குமாறு அறம் உரைத்தான். அவர்கள் அளித்த பொருளோடு சந்திரதத்தன் என்னும் வணிகனது கலத்தில் ஊர் திரும்பி, ஆதிரையோடு தானம் செய்து வாழ்ந்தான். அந்த ஆதிரை இட்ட பிச்சையே மணிமேகலையின் அமுதசுரபியில் முதலில் விழுந்தது.

சூதில் தோற்றவன் வீட்டிலிருந்து உலகின் பசி தீர்க்கும் முதற்பிடி சோறு வந்தது. தோற்றவரை நம் சங்கம் தள்ளிவைத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

9. இழந்தவர் செய்யத்தக்கன

ஆடி இழந்து வருந்தும் அன்பர்க்கு நாம் கூறுவன இவை:

(அ) இழந்த மொத்தத்தை ஒரு தாளில் எழுதுக. பயண செலவு, கடன் வட்டி, ஊதியம் இழந்த நாட்கள் உட்பட எழுதுக. ஆட்டக்காரரின் ஐந்தாம் விதி இங்கேதான் உண்மையில் பயன்படும்.

(ஆ) அத்தாளை அன்றே மனைவியிடமோ கணவரிடமோ பெற்றோரிடமோ காட்டுக. மறைவு நீங்கியவுடன் வேட்கையின் பாதி வலிமை போய்விடும்.

(இ) போன பணத்தைப் போனது என்று எழுதி அடியில் கோடிடுக. அதனை மீட்க மேசைக்குச் செல்லாதிருத்தலே அன்று முதல் வரும் முதல் ஊதியம்.

(ஈ) நகைக்கடன், சீட்டுப் பணம், கைப்பேசிவழிக் கடன் ஆகியவற்றால் ஆட்டக் கடனை அடைக்க முயலற்க. வட்டி மிகுந்த கடனை முதலில் தீர்த்து, மற்றவற்றுக்குத் தவணை பேசுக.

(உ) வங்கி அட்டையைச் சில திங்கள் நம்பத்தக்க ஒருவரிடம் ஒப்படைக்க. விடுதியாரின் அழைப்பும் சலுகைச் செய்தியும் வரும் வழியை அடைக்க.

(ஊ) உடன் சென்றவர் கூட்டத்தை விலகி, உபோசத நாளில் விகாரைக்கு வருக. நல்லார் நட்பைத் தீகஜாணுவுக்குப் பகவான் செல்வம் காக்கும் வழிகளுள் ஒன்றாகவே கூறினார்.

(எ) விட முயன்றும் விட இயலவில்லையாயின் அதனை வெட்கமாகக் கருதற்க. சூதுப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்துள்ளது. அவ்வகைப்பாடு 2022 முதல் நடைமுறையில் உள்ளது. மருத்துவரை நாடுக. மனநல உதவிக்காக 2022இல் நடுவணரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, கட்டணமில்லை.

சுற்றத்தார்க்கும் ஒரு சொல். இழந்தவன் கடனை அவனறியாமல் அடைத்துவிடற்க. அது மதகை மீண்டும் திறப்பது. அவனை அவையில் இகழவும் வேண்டா. அது வரத்துக்காலை அடைப்பது. அவன் கையால் சிறிது சிறிதாக அடைக்கச் செய்து, அருகே நின்று துணைபுரிக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. உங்கள் குடும்ப வருவாயை நான்காக வகுத்து எழுதுக. நான்காம் பங்கு இன்று எங்கே உள்ளது?

2. சிகாலனுக்குக் கூறிய ஆறு கேடுகளுள் பணத்தால் அளக்கத்தக்கது எது? அளக்க இயலாதவை எவை?

3. வென்ற பணத்தைத் தானம் செய்தால் அது நல்வாழ்க்கை ஆகுமா? ஏன்?

4. சாதுவன் ஊர் திரும்பியபோது ஆதிரை அவனை ஏற்றாள். நம் சங்கத்தில் ஒருவர் அங்ஙனம் திரும்பி வந்தால் நாம் செய்யத்தக்கது யாது?

இவற்றை வீட்டில் எல்லோரும் அமர்ந்திருக்க, உரக்கப் படித்து விடை காண்க. நான்காம் வினாவுக்கு விடையை ஏட்டில் எழுதுதல் போதாது. சங்கத்தில் செய்து காட்டுக.

எல்லா உயிரும் நலம் பெறுக.